தவளைக்கு ஓர் என்ஜின்

மார்ச் 4

என் துரைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் அக்கா வீட்டில் மூன்று வாரம் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்துவிட்டு நேற்றுதான் வீடு திரும்பினேன். பையை வாசலில் வைத்துவிட்டு நேரே ஷெட்டைத்தான் திறந்தேன். புதுக் கண்ணால் நம் தவளைக் காரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை.

தவளையின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. முன்பக்கம் பாரம் இல்லாத வண்டிதான் அப்படி நிற்கும். பானெட்டைத் திறந்தேன். உள்ளே தரை தெரிந்தது. என்ஜின் இருந்த இடத்தில் நறுக்கிய வயர்களும், எங்கே போவதென்று தெரியாமல் தொங்குகிற ஒரு ரப்பர் குழாயும் மட்டும்.

திருட்டுப் போய்விட்டது என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். "திருடன்லாம் இல்லக்கா. உங்க பையன்தான் போன்ல சொல்லி ஆள் அனுப்புனாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் எனக்கு வெட்கம் என்று இன்னும் புரியவில்லை.

அந்த வண்டியில்தான் முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன், அதுதான் உங்கள் இருவரையும் ஆளாக்கியது என்றெல்லாம் இப்போது எழுதப் போவதில்லை. அது சினிமா வசனம். அது என் வண்டி. அவ்வளவுதான்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் வெறும் கேட்கிறவள் ஆகிவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. சொல்ல வேண்டியதை எழுது.

இப்படிக்கு,
அம்மா


மார்ச் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். சௌக்கியம் என்று தலையாட்டினேன்.

என் வேலை உனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை விபத்துக் கோப்புகளைப் படிக்கிறவன் நான். ஒவ்வொன்றிலும் படங்கள் இருக்கும். ஓட்டுநரின் வயது எழுபதுக்குப் பக்கம் என்று பார்த்தாலே உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் எனக்கு உன் முகம்தான் தெரிகிறது. போன வருஷம் கேட் தூணில் இடித்தாய். "தூண் நகர்ந்திருச்சுடா" என்று சிரித்தாய். சைக்கிளில் போன ஒரு பெண் உன் வண்டிக்கு முன்னால் மயிரிழையில் தப்பினாள். அதை நீ சொல்லவே இல்லை, அக்காதான் சொன்னாள்.

உன்னைக் கேட்டால் மாட்டேன் என்பாய். அதனால்தான் கேட்கவில்லை. பழைய வண்டிச் சாமான் வாங்குகிற ஆட்களிடம் கொடுத்துவிட்டேன். வந்த பணம் உன் கணக்கில் இருக்கிறது. கோபம் ஆறட்டும். எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று ஒருநாள் உனக்கே புரியும். அதுவரை எங்கே போக வேண்டுமென்றாலும் டாக்சி வைத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேறு என்ஜின் தேடலாம் என்று கிளம்பாதே. அதைச் செய்த கம்பெனியே மூடிவிட்டது. இனி கிடைக்காது.

உன் அன்பு மகன்


மார்ச் 28

என் துரைக்கு,

கிடைக்காது என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். நன்றி.

தூணில் இடித்தது உண்மை. சைக்கிள் பெண்ணும் உண்மை. அன்று வீட்டுக்கு வந்து சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலையில் கண் டாக்டர் வீட்டு வாசலில் முதல் ஆளாக நின்றேன். ஆபரேஷன் செய்துகொண்டது டிவி பார்க்கவா? மறுபடி ஒழுங்காக ஓட்டத்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் கண்ணைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் நீ வண்டியைக் கெடுத்துவிட்டாய்.

லேத்துக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் அவர் மீசையைப் பார்த்து அழுவாய். இப்போது மீசை நரைத்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. அவர் தன் வேனை எடுத்துக்கொண்டு வந்தார். "டீச்சர், ஊரைச் சுத்தி எங்க கெடக்குதோ தேடிப் பாத்திருவோம். எனக்கும் பட்டறையில ஒரே மாதிரி புஷ் கடைஞ்சு கடைஞ்சு அலுத்துப்போச்சு" என்றார்.

முதலில் போனது ஒரு பழைய இரும்புக் கிடங்கு. நம் வண்டியின் அதே என்ஜின், வெள்ளிப் பெயின்ட் பூசிக் கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். கிடங்குக்காரருக்கு வாய் ஓயவில்லை. "பாருங்கம்மா, தங்கம். ஒரே ஆள் ஓட்டுனது. அப்படியே தூக்கி வச்சா ஓடும்."

நான் பெரிய ஸ்பானரை கிராங்க் நட்டில் போட்டு என் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். அசையவில்லை. லேத்துக்காரரும் சேர்ந்து தொங்கினார். அப்போதும் அசையவில்லை.

"தங்கம் சுத்த மாட்டேங்குதே" என்றேன்.

"கொஞ்சம் டீசல் ஊத்தி ஊற வச்சா சுத்திரும்மா."

பிளக்குகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டருக்குள் செந்தூரம் கொட்டினாற்போலத் துரு. அதோடு விடாமல், தண்ணீர் ஓடுகிற பக்கத்தில் பெயின்ட் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறதே என்று நகத்தால் சுரண்டினேன். பெயின்ட்டோடு பட்டியும் பெயர்ந்து வந்தது. கீழே என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. யாரோ தண்ணீர் ஊற்றாமல் ஓட்டிக் காய வைத்துப் பிளந்திருக்கிறார்கள்.

கிடங்குக்காரர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "அடடா, எனக்கே தெரியாதும்மா" என்றார். நல்ல நடிகர். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தோம்.

ஒன்று கழிந்தது. இன்னும் தேடுவேன்.

அம்மா


ஏப்ரல் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

இரும்புக் கிடங்கில் ஸ்பானரில் தொங்குகிற வயதா உனக்கு? அக்காவும் போனில் அழுகிறாள்.

இது விளையாட்டு இல்லை. நீ நிறுத்தாவிட்டால் லைசென்ஸ் ஆபீசுக்கு நானே எழுதுவேன். வயதைச் சொல்லி, அந்த சைக்கிள் பெண் விஷயத்தைச் சொல்லி, உன் லைசென்ஸை மறுபரிசீலனை செய்யச் சொல்வேன். அப்படி ஒரு கடிதத்தை என் கையால் எழுத வைக்காதே.

மகன்


ஏப்ரல் 24

துரைக்கு,

நீ சிரமப்பட வேண்டாம். நானே போய்விட்டு வந்தேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் லைசென்ஸ் ஆபீசுக்குப் போய், "என் கண்ணையும் ஓட்டுறதையும் சோதிச்சுப் பாருங்க, என் மகனுக்கு சந்தேகம்" என்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தானாக வந்து கேட்கிற ஆளை அவள் பார்த்ததில்லையாம். சோதனை அதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "கியர் டீச்சர்! உங்களுக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்றான். என்னிடம் கற்றுக்கொண்டவன். அவன் சோதிக்க வேண்டாம் என்று நானே சொல்லி, என்னைத் தெரியாத வேறு அதிகாரிக்காக அரை நாள் பெஞ்சில் காத்திருந்தேன். வந்தவர் சிரிக்கவே தெரியாத மனிதர். லேத்துக்காரர் வேனில் சந்து பொந்தெல்லாம் சுற்ற வைத்தார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். பலகையில் கடைசி வரி எழுத்துவரை படிக்க வைத்தார். இறங்கும்போது, "எங்க ஆபீஸ் டிரைவருக்கு ஒரு மாசம் வகுப்பு எடுப்பீங்களா?" என்று கேட்டார். லைசென்ஸ் என் கைப்பையில் இருக்கிறது.

இனி சொல்லப் போவதை உட்கார்ந்து படி.

நகரத்தில் பழங்கால வண்டி வியாபாரி ஒருவரிடம் நம்முடையதைப் போலவே ஓர் என்ஜின் வந்திருப்பதாக லேத்துக்காரர் கேள்விப்பட்டார். போனோம். கண்ணாடிக் கட்டடம், ஏசி. நடுவில் சிவப்புக் கம்பளம் விரித்து, மேலே விளக்கு எரியவிட்டு, ஒரு ஸ்டாண்டில் என்ஜின். கோட் போட்ட இளைஞன் வந்தான். "ஆன்ட்டி, இது ரொம்ப அபூர்வம். ஒரு பெரிய வீட்டுல வாங்கி வச்சு ஓட்டாமலே இருந்தது."

நான் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். லேத்துக்காரர் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து, குரலே மாறி, "டீச்சர், இங்க வாங்க" என்றார்.

என்ஜினைத் தாங்குகிற காதில் ஒரு பழைய வெல்டு. "என் வெல்டு எனக்குத் தெரியாதா? பாதியில ராடு தீந்துபோச்சு, மறுநாள் வந்து முடிச்சேன். அந்த மேடு, இதோ." விரலை வைத்துக் காட்டினார். நானும் தொட்டுப் பார்த்தேன். நம் என்ஜின்தான். நம்பர் தகட்டை மாற்றிப் புதிதாக ஒன்று அடித்திருந்தார்கள். என் பல்செட்டை இன்னொருத்தி வாயில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

"ஓட்டாமலே இருந்ததா? தம்பி, இதுல இந்த ஊர்ல பாதிப் பேர் கிளட்ச் பழகியிருக்காங்க" என்றேன்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. விலை பேச வாயைத் திறந்தான். நான் கேட்டுக்கொள்ளவில்லை. தவழாத குறையாகக் கீழே குனிந்து, எந்த என்ஜினையும் பார்க்கிற மாதிரி அதையும் பார்த்தேன். கிரேன் இல்லாமல் கயிறு கட்டி இழுத்துக் கீழே போட்டிருக்கிறார்கள். பின்பக்க விளிம்பில் தொடங்கிய வெடிப்பு, கிராங்க் உட்காரும் பேரிங் இடம்வரை ஓடுகிறது. லேத்துக்காரர் கைக்குட்டையால் துடைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"வெல்டு வைக்கலாம் டீச்சர். விக்கிறதுக்கு. ஓட்டுறதுக்கு இல்ல."

வெளியே வந்து வேனில் உட்கார்ந்தோம். அவர் வண்டியை எடுக்கவில்லை.

அம்மா


மே 3

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு நாளாக வேலையில் மனம் போகவில்லை. கிரேன் வைத்துப் பத்திரமாக எடுப்போம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். நான் நம்பினேன்.

ஒரு யோசனை. அந்த வியாபாரியிடமிருந்து அதையே நான் திரும்ப வாங்கித் தருகிறேன், எவ்வளவு கேட்டாலும் சரி. வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து, தவளைக்குள் பழையபடி உட்கார வைக்கச் சொல்கிறேன். ஓட்ட வேண்டாம். ஆனால் வண்டி முழுசாக இருக்கும், நீ பானெட்டைத் திறந்தால் என்ஜின் இருக்கும். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. நான் எது செய்தாலும் உன் நல்லதுக்குத்தான் என்பதை மட்டும் நம்பு அம்மா.

மகன்


மே 20

துரைக்கு,

வேண்டாம்.

ஓடாத என்ஜின் வைத்த வண்டி ஷெட்டில், வெளியே போகாத அம்மா வீட்டில். இரண்டையும் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டால் உனக்கு நன்றாகத் தூக்கம் வரும். எனக்கு வராது. என்னை அலமாரிப் பொம்மையாக்க ஆசைப்படாதே. அந்தப் பேச்சை இதோடு விடு.

எனக்கு என்ஜின் கிடைத்துவிட்டது.

மர மில் ஒன்றில் பழைய கார் என்ஜினை வைத்து ரம்பம் ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். தகரக் கூரைக்குக் கீழே, மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அடையாய் அப்பிப்போய், கிட்டப் போகவே கூசுகிற மாதிரி ஒன்று. ஆனால் ஓடிக்கொண்டிருந்தது! ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். மேலே வால்வுப் பக்கம் தையல் மெஷின் மாதிரி ஒரு டகடக. கீழே கிராங்க் பக்கம் அமைதி. எனக்கு வேண்டியது அந்த அமைதிதான்.

நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டராக மீட்டர் பொருத்தி அழுத்தம் பார்த்தோம். மூன்றில் முள் நன்றாக ஏறியது. நாலாவதில் பாதியில் நின்றுவிட்டது. லேத்துக்காரர் உதட்டைப் பிதுக்கினார். நான் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். ஆயில் விட்டதும் முள் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, முழுதாகப் பிரிக்க வேண்டும். ஏறாவிட்டால் கோளாறு வால்வில், மேல்பாகத்தைக் கழற்றினால் போதும். எங்கள் இருவர் கண்ணும் அந்த முள்ளிலேயே இருந்தது. ஏறவில்லை. ஏறாததற்காக இரண்டு கிழடுகள் கைதட்டியதை மில் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். பழைய ஆயிலை விரல்களில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. ஆனால் இரும்புத்தூளின் மினுக்கம் இல்லை.

மில்லுக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தவள், "குடுக்க மாட்டேன்" என்றாள். "இது நின்னா ரம்பம் நிக்கும். ரம்பம் நின்னா என் வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சிடுவார்."

லேத்துக்காரர் தன் பட்டறையில் சும்மா கிடக்கிற கரண்ட் மோட்டாரைப் பொருத்தித் தருவதாகச் சொன்னார். அவள் யோசித்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான அந்த கியர் டீச்சர்? மோட்டார் மட்டும் போதாது. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்கணும். லோடு வண்டி என் பேர்லதான் இருக்கு. டிரைவர் வரலன்னா நான் வாசல்ல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டிருக்கேன். கேட்டா, உனக்கு எதுக்கு இந்த வயசுலங்கிறாரு."

"எனக்கும் ஒருத்தர் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கார்" என்றேன்.

"வீட்டுக்காரரா?"

"மகன்."

"ஐயோ, அது இன்னும் மோசமாச்சே" என்றாள். அந்த இடத்திலேயே பேரம் படிந்தது.

அம்மா


ஜூன் 18

துரைக்கு,

பதில் இல்லை. சரி, நானே எழுதுகிறேன்.

மேல்பாகத்தைக் கழற்றினோம். நாலாவது வால்வின் விளிம்பு எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. லேத்துக்காரர் புதிது வாங்கி, உட்காரும் இடத்தைக் கடைந்து, இரண்டு நாள் பொறுமையாகத் தேய்த்துச் சேர்த்தார். இந்தத் தடவை கிரேன் வைத்து இறக்கினோம். என் கையால் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கினேன். வயர்களை இணைக்க மட்டும் ஒரு வாரம். அவ்வளவு நறுக்கியிருந்தார்கள்.

நேற்று சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை இருமியது. பானெட்டுக்குள்ளிருந்து மரத்தூள் பறந்து லேத்துக்காரர் மீசையில் உட்கார்ந்தது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "வந்திருச்சாக்கா?" என்று கத்தினாள். அழவில்லை என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

இன்று காலை மில்லுக்காரம்மாவுக்கு முதல் வகுப்பு. கிளட்சைப் பட்டென்று விட்டாள், தவளை குதித்த குதியில் என் கண்ணாடி மடியில் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

உன்னிடமிருந்து எனக்கு ஒரே ஒரு வரி வர வேண்டியிருக்கிறது. உன் கவலையைப் பற்றி எழுதாதே, அது எனக்குத் தெரியும். என் நல்லதைப் பற்றியும் எழுதாதே. யோசித்து எழுது. அந்த வரி வராமல் நீ இந்த வீட்டுக்கு வந்தால் விருந்தாளியாகத்தான் வருவாய்.

அம்மா


ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் கவலை என்ற வார்த்தை வந்துவிட்டது.

உன் கடிதங்களை உன் மருமகளிடம் முதல் தடவையாகக் காட்டினேன். படித்துவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள். "நீங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போது உங்க அம்மா வந்து உங்க வண்டியோட என்ஜின வித்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

கேட்டால் மாட்டேன் என்பாய், அதனால் கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன். மாட்டேன் என்று சொல்கிற உரிமை உன்னுடையது. அதைத்தான் எடுத்து விற்றுவிட்டேன். நான் செய்தது தப்பு அம்மா.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது இருக்கிறது. நாளைக்கும் இருக்கும்.

இருபதாம் தேதி வருகிறேன், தனியாக. விமானம் இரவு ஒன்பது மணிக்கு இறங்குகிறது. நீயே தவளையில் வந்து என்னைக் கூட்டிப்போக வேண்டும். பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து வருகிறேன். மெதுவாக என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

உன் மகன்


ஜூலை 12

என் கண்ணுக்கு,

உன் வரியைப் படித்தேன். மடித்து வைத்துவிட்டேன். இனி அதைப் பற்றி நானும் பேச மாட்டேன், நீயும் பேசாதே.

விமான நிலையத்துக்கு வர மாட்டேன். கோபம் எதுவும் இல்லை. காரணத்தைக் கேள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பகலில் எனக்கு எறும்பு போவதுகூடத் தெரிகிறது. இருட்டினால் மட்டும், எதிரே வருகிற விளக்கு பூசணிப்பூ மாதிரி விரிகிறது. பூவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய ஒரு கணம் தாமதமாகிறது. லேத்துக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் வண்டி குறைவான ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன். கிடங்குக்காரரின் தங்கத்தை எப்படிச் சுரண்டிப் பார்த்தேனோ, அப்படித்தான் என்னையும் பார்த்தேன். டாக்டர், போகப் போகப் பழகிவிடும் என்கிறார். லேத்துக்காரர், "நல்லாத்தான ஓட்டுனீங்க" என்கிறார். அவர்கள் சொல்லட்டும். ரோட்டில் சைக்கிளில் வருகிற பெண்ணுக்கு அந்த ஒரு கணம் வேண்டும்.

அதனால் பொழுது சாய்ந்தபின் நான் ஓட்டுவதில்லை. முடிவு என்னுடையது. உன் லைசென்ஸ் ஆபீசும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. இனி என்றைக்குப் பகலிலும் ஓட்டக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறதோ, அன்றைக்கு நானே சாவியை மில்லுக்காரம்மா கையில் கொடுப்பேன். உன் கையில் கொடுக்க மாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டாக்சி பிடித்து வா. சாப்பாடு மூடி வைத்திருப்பேன், நானும் விழித்திருப்பேன். ஆனால் ரொம்ப நேரம் பேச வைக்காதே. காலை ஆறரைக்கு வகுப்பு. அவள் இப்போது மூன்றாவது கியர் போடுகிறாள், ரிவர்ஸில்தான் இன்னும் தகராறு. நீ வந்திருக்கிறாய் என்பதற்காக வகுப்பு நிற்காது.

எழுந்துவிட்டால் நீயும் வா. முன்சீட் இரண்டிலும் ஆள் இருக்கிறது. பின்னால் ஏறிக்கொள்.

அம்மா